பயறு ஊறிய தண்ணீர், வெந்த தண்ணீர், டின் தண்ணீர்: எதைக் கொட்டலாம், எதைக் கொட்டக் கூடாது?



சென்ற ரமலானில், வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் வேகவைத்த கொண்டைக்கடலை டின்கள் சில பெட்டிகளை நம் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார். அல்லாஹ் அவருடைய ஸதகாவை ஏற்றுக்கொள்வானாக. இஃப்தார் பொருட்கள் அடங்கிய பையில் வீட்டுக்கு இரண்டு டின் வைத்துக் கொடுத்தோம். அதை எப்படிச் சமைப்பது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அது நம்முடைய தவறு.

இரண்டு நாள் கழித்து ஒரு சகோதரி போன் செய்தார். டின்னில் இருந்த கொழகொழப்பான தண்ணீரோடு கடலையை அப்படியே வாணலியில் கொட்டி, வழக்கம்போல உப்பும் போட்டுத் தாளித்திருக்கிறார். வாயில் வைக்க முடியாத கரிப்பு. பிள்ளைகள் ஒதுக்கிவிட்டார்கள். பி.பி. மாத்திரை சாப்பிடும் அவருடைய மாமியாரோ, அல்லாஹ் கொடுத்த ரிஸ்கை வீணாக்கக் கூடாது என்று முழுவதையும் தாமே சாப்பிட்டிருக்கிறார். இரவெல்லாம் தாகம், காலையில் தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பி.பி. நன்றாக ஏறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார்.

அந்தச் சகோதரி கேட்ட கேள்வி இதுதான்: "அந்தத் தண்ணீரைக் கொட்டியிருக்கலாமா? கொட்டினால் இஸ்ராஃப் ஆகாதா?" நல்ல கேள்வி. இன்னொரு பக்கம், சத்து நிறைந்த கடலை வெந்த தண்ணீரைத் தினமும் சாக்கடையில் ஊற்றும் வீடுகளும் நம்மிடையே உண்டு. ஆகவே இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

மார்க்கத்தின் பார்வையில்

முதலில், பயறு கலந்த தண்ணீர் அசுத்தமானதா? இல்லை. மதரஸாவில் ஹனஃபி ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு 'குதூரி' கிதாப் தெரிந்திருக்கும். ஹிஜ்ரி 428இல் பாக்தாதில் வஃபாத்தான இமாம் குதூரி (ரஹ்) அவர்கள் எழுதியது. அதன் தூய்மைப் பாடத்தில், ஒளுவுக்கு ஆகாத நீர்களின் வரிசையில் காடி, குழம்பு, பன்னீர் ஆகியவற்றோடு பாகில்லா என்னும் அவரை இனப் பயறு நீரும் இடம்பெறுகிறது. சமைத்ததால் தன்மை மாறிய நீரையே இது குறிக்கும் என்று 'ஹிதாயா' விளக்குகிறது. பயற்று நீர் நஜீஸ் என்பது இதன் பொருள் அல்ல. அது வெறும் தண்ணீர் என்ற நிலையிலிருந்து உணவு என்ற நிலைக்கு மாறிவிட்டது என்பதுதான் பொருள். எனவே அதைக் காரணமில்லாமல் கொட்டுவது உணவைக் கொட்டுவதற்குச் சமம்.

அடுத்து, இஸ்ராஃப். உண்ணுவதையும் பருகுவதையும் அனுமதித்து, வீண்விரயத்தைத் தடுக்கும் கட்டளை அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் உள்ளது. கீழே விழுந்த கவளத்தைக் குறித்த ஹதீஸையும் இத்துடன் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான அந்தப் போதனையில் நபி (ஸல்) அவர்கள், கவளத்தில் ஒட்டிய கெடுதியை நீக்கிவிட்டு அதை உண்ணும்படி கற்றுத் தந்தார்கள். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. உணவை விட்டுவிடக் கூடாது. கெடுதியோடு சேர்த்து விழுங்கவும் கூடாது.

நம் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. தண்ணீரில் இருப்பது நன்மையா கெடுதியா என்று பார்க்க வேண்டும். கெடுதி மிகுந்தால் கொட்டுவது இஸ்ராஃப் ஆகாது. நன்மை மிகுந்தால் கொட்டக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள, நம் அடுப்படியில் உள்ள மூன்று வகைத் தண்ணீரையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது: ஊறிய தண்ணீர்

கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை, காராமணி போன்றவற்றை ஊறவைத்தால் தண்ணீர் நிறம் மாறி நுரைக்கும். பயற்றின் தோலில் இருந்த மண், தூசி அதில் இறங்கியிருக்கும். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரை வகைகளில் ஒரு பகுதியும் கரைந்திருக்கும். நம் சிறுகுடலால் இவற்றைச் செரிக்க முடியாது. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் வாயுவாக மாறுகின்றன. நோன்பு திறந்தபின் வயிற்றுப் பொருமலோடு தராவீஹுக்கு நிற்பவர்களுக்கு இதன் சிரமம் தெரியும். இந்தத் தண்ணீரைக் கொட்டுவதால் சத்து கொஞ்சம் போகும். ஆனால் பெரிய இழப்பு இல்லை. உப்பு சேராத தண்ணீர் என்பதால் வாசலில் உள்ள முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம்.

ராஜ்மாவுக்கு மட்டும் இது கட்டாயம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப்பொருள் ஒன்று உண்டு. சரியாக வேகாத நாலைந்து பயறு தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைத்து, நசுக்கினால் மசியும்வரை வேகவைக்க வேண்டும். பிரஷர் குக்கரில் வேகவைப்பது நல்லது. கொதிக்காத இளஞ்சூட்டில் நெடுநேரம் வைப்பது ஆபத்து.

இரண்டாவது: வெந்த தண்ணீர்

ஊறிய நீரைக் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீரில் வேகவைத்தபின் மிஞ்சும் தண்ணீர் இது. ஃபோலேட், தயமின் போன்ற நீரில் கரையும் வைட்டமின்களும், பொட்டாசியம் போன்ற தாது உப்புகளும் ஓரளவு இதில் இறங்கியிருக்கும். இதைத்தான் கொட்டக் கூடாது. நம் பாட்டிமார்கள் கொள்ளு வெந்த தண்ணீரில் ரசம் வைத்தார்கள். கடலை வெந்த தண்ணீரை நோன்புக் கஞ்சியில் அரிசியோடு சேர்க்கலாம், குருமாவில் ஊற்றலாம், சப்பாத்தி மாவு பிசையலாம். தண்ணீரை அளவாக வைத்து வேகவைத்தால் மிஞ்சுவதே குறைவாக இருக்கும்.

சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்பு போடும் வழக்கம் பெரிய சமையல்களில் இருக்கிறது. சோடா உப்பிலும் சோடியம் உண்டு. தயமின் சத்தையும் அது அழிக்கும். நன்றாக ஊறிய கடலைக்கு அது தேவையே இல்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த விதி மாறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் வெந்த தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். பயறு எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டே முடிவு செய்யுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது, மாத்திரைச் சீட்டோடு இந்தக் கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது: டின் தண்ணீர்

டின்னில் இருப்பதும் வெந்த தண்ணீர்தான். ஆனால் உப்பு சேர்ந்தது. கடலையை டின்னில் போட்டு, தண்ணீரும் உப்பும் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, 100 டிகிரிக்கு மேற்பட்ட நீராவிச் சூட்டில் வேகவைக்கிறார்கள். கெடாமல் காப்பது அந்தச் சூடும் இறுக்கமான மூடியும்தான். உப்பு பெரும்பாலும் ருசிக்காகவே. கொழகொழப்பு என்பது கடலையிலிருந்து இறங்கிய மாவுச்சத்தும் புரதமும். கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

உப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டின் லேபிளில் 'சோடியம்' என்று ஒரு எண் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், 400 கிராம் டின்னில் 1,200 மில்லிகிராம் சோடியம். அதாவது 3 கிராம் உப்பு. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே டின்னில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. அதற்கு மேல் நாமும் உப்புப் போட்டால்?

வடிகட்டி, கழுவினால் சோடியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். இதில் பெரும்பகுதி வடிகட்டுவதிலேயே போய்விடுகிறது; கழுவுவதால் இன்னும் கொஞ்சம் போகும். 3 கிராம் உப்பு 2 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். மீதி உப்பு கடலைக்குள்ளேயே ஊறியிருப்பதால் முழுவதும் போகாது. ஆகவே கழுவிய பிறகும் ருசி பார்த்துவிட்டே உப்புப் போட வேண்டும்.

உப்புச் சேர்க்காத டின்னாக இருந்தால், அதன் தண்ணீரை இரண்டாவது வகையாகக் கருதிக் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம். உப்பு டின்னின் தண்ணீரைச் செடிக்கும் ஊற்ற வேண்டாம்.

கழுவினாலும் தீராதவை

1. ஹலால் விஷயம். வெளிநாட்டு பீன்ஸ் டின்கள் சிலவற்றில் பன்றி இறைச்சியோ கொழுப்போ சேர்க்கிறார்கள். கழுவினால் அது ஹலால் ஆகிவிடாது. சேர்மானங்களை முழுவதும் படியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

2. உப்பிய டின். மேல்மூடி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, விளிம்புத் தையலில் நசுங்கியிருந்தாலோ, திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலோ, ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். பொட்டுலிசம் என்ற நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

3. ஃபூல் டின். அரபு நாடுகளிலிருந்து வரும் 'ஃபூல் முதம்மஸ்' பாகில்லாப் பயற்றால் ஆனது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஃபூல் கொடுக்கவே கூடாது.

வீட்டு நடைமுறை

காய்ந்த கடலை என்றால் ஸஹர் நேரத்தில் ஊறவையுங்கள். அஸருக்குப் பிறகு வேகவைக்கச் சரியாக இருக்கும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் புளித்துப் போகும்; ளுஹருக்குப் பிறகு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டின் கடலை என்றால் வடிதட்டில் கொட்டி, ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, குலுக்கி வடியவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவத் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள், ஒளுவையே முடித்திருக்கிறார்கள். ஒரு டின் கடலைக்கு அதற்கு மேல் எதற்கு?

மீதியை டின்னிலேயே வைக்காமல் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரே வேளைக்கு ஆகும் அளவே திறக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: உப்புக்குப் பதில் இந்துப்பு போட்டால் பி.பி.க்கு நல்லது என்ற பேச்சு இருக்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அளவைக் குறைப்பதே வழி.

கொடுக்கும் கைகளுக்கு

தானம் செய்யும்போது தாழ்ந்த பொருளைத் தேடிக் கொடுப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் கண்டிக்கிறது. நசுங்கிய டின், தேதி முடிந்த டின் ஆகியவற்றை ஏழை வீட்டுக்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். நம் வீட்டில் திறக்கத் தயங்கும் டின்னை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

டிரஸ்ட்டின் பங்கும் இருக்கிறது. பொருளைக் கொடுப்பதோடு அமானத் முடிந்துவிடாது. அது தீங்கு செய்யாதபடி கொடுப்பதும் அமானத்தில் சேர்ந்ததுதான். இன்ஷா அல்லாஹ், வரும் ரமலானில் ஒவ்வொரு டின்னோடும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் நான்கே வரிகள்: தேதி பாருங்கள். சேர்மானம் படியுங்கள். வடிகட்டிக் கழுவுங்கள். ருசி பார்த்தபின் உப்புப் போடுங்கள்.

அந்தத் தாயாரைப் பார்க்கப் போயிருந்தபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கடலையைத் தின்னணும், உப்புத் தண்ணிய விட்டுடணும். இவ்வளவுதானே?" என்றார். இவ்வளவுதான்.

அல்லாஹ் நமக்குத் தரும் ரிஸ்கில் பரக்கத்தையும், அதை வீணாக்காமலும் நமக்கு நாமே தீங்கு செய்துகொள்ளாமலும் பயன்படுத்தும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.