வாசலுக்கு வந்த வைத்தியம்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று இதுவரை பல பாடம் படித்துவிட்டோம். இந்தப் பாடம் உடல்நலம் பற்றியது. கடன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். "எதற்காகக் கடன்?" என்ற இடத்தில் "ஆஸ்பத்திரி செலவு" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறோம்! ஆடு வாங்கினோம், கருவாட்டு வியாபாரம் செய்தோம், உப்பளத்தில் வெயிலில் நின்று சம்பாதித்தோம். வீட்டில் ஒரு பிரசவம் சிக்கலானால் போதும், ஏழு வருசமாகச் சேர்த்தது ஏழு நாளில் போய்விடும். பணம் போனாலும் பரவாயில்லை, ஆள் பிழைத்தால் சரி என்போம். சில நேரம் ஆளும் பிழைப்பதில்லை. ஏன்? ஆஸ்பத்திரி இல்லாததாலா, அல்லது போகப் பிந்தியதாலா?

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை உதவும். நோயாளியைத் தேடி வைத்தியம் போன கதை அது. நம்ம கடற்கரையில் தொடங்குகிறது. செய்தவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். மதத்தைப் பரப்பத்தான் வந்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பும் நம்ம ஊர்களில் நாட்டு வைத்தியர்களும் மருத்துவச்சிகளும் இருந்தார்கள். ஆனாலும் அவர்கள் செய்த வேலையில் எது நிலைத்தது, எதனால் நிலைத்தது என்று பார்த்தால், எந்த மதத்தைச் சேர்ந்த குழுவுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஒரு ஆளால் எத்தனை ஊர் போக முடியும்?

1542-ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று ஊர் ஊராகப் போனார். நோய்ப்பட்டவர்கள் வீட்டுக்கு வரச் சொல்லி நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குப் போவார்? அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகள் வீட்டுக்கு அவர்களை அனுப்பினார். தான் இல்லாத நாளிலும் வேலை நடக்கவேண்டும் என்று ஊருக்கு ஒரு பொறுப்பாளரை வைத்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்றார்கள்.

ஜெபம் மருந்தல்ல. இங்கே நாம் கவனிக்கவேண்டியது வேறு. வெளியிலிருந்து வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உள்ளூர் ஆள் ஒருத்தர் பொறுப்பு எடுத்தால்தான் வேலை வீடு வீடாகப் போகும்.

புன்னைக்காயல் ஆஸ்பத்திரி

சவேரியாருக்குப் பின் வந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார். நம்ம ஊர்ப்பக்கம் அண்டிரிக் அடிகளார் என்பார்கள். 1546-ல் இந்தியாவுக்கு வந்தார். 1600-ல் இறக்கும்வரை ஏறக்குறைய முழுக் காலமும் இந்தக் கரையோரத்தில்தான் இருந்தார். அவரே அடிக்கடி நோயில் விழுந்தவர். முதலில் அவர் செய்த காரியம் தமிழ் படித்ததுதான். "எங்கே வலிக்குது? எத்தனை நாளா?" என்று அவரவர் பாஷையில் கேட்காமல் யாருக்கு என்ன உதவி செய்ய முடியும்? பிறகு அவர் தமிழில் புத்தகமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் தந்ததுதான்.

தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் இருக்கிற புன்னைக்காயலில், 1550-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஏழைகளுக்காக ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். ராஜா கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரி அல்ல அது. கடலில் இறங்கிப் பிழைத்த அந்த ஊர் மக்கள் கொடுத்த பணத்தில் நடந்தது. முத்துக்குளிப்பில் இறங்குகிறவர்களின் உடம்பு படுகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும். காதில் சீழ் வடியும், நெஞ்சு அடைக்கும். முத்துச்சலாபம் நடக்கும்போது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மணல்வெளியில் கூடித் தங்குவார்கள். குடிக்கிற தண்ணீர் கெட்டால் ஒரே நாளில் வாந்திபேதி பரவிவிடும்.

நாம் சொட்டுச்சொட்டாகச் சேர்த்துப் பொதுப்பணம் வைக்கிறோமே, அந்தப் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. புன்னைக்காயல்காரர்கள் 470 வருசத்துக்கு முன்னாலேயே வைத்தியத்துக்கென்று ஊர்ப் பணத்தை ஒதுக்கியவர்கள்.

தேரிக்காட்டில் நாசரேத்

கடற்கரையை விட்டு உள்ளே போனால் செம்மண் தேரி, பனங்காடு. அங்கே நாசரேத் ஊரில் 1870 வாக்கில் ஸ்ட்ரேச்சன் என்ற டாக்டர் ஐயர் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக வளர்ந்ததுதான் தூய லூக்கா மருத்துவமனை. 1876-ல் மர்காஷிஸ் ஐயர் அங்கே வந்தார். அவர் வந்த நேரம் தாது வருசப் பஞ்சம். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் பட்டினியும் காலராவும் சேர்ந்து தாக்கின. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றன. அவர்களுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்ததோடு ஐயர் நிற்கவில்லை. அனாதை இல்லம் வைத்தார், 1878-ல் கைத்தொழில் பள்ளியும் தொடங்கினார். நோய் தீர்ந்த பிள்ளைக்கு நாளைக்குச் சோறு வேண்டுமே! உடல்நலமும் பிழைப்பும் ஒரே கயிற்றின் இரண்டு இழை என்பது நமக்குப் புதிதல்ல. 1908-ல் சாகும்வரை 32 வருசம் அவர் அந்த ஊரிலேயே இருந்தார்.

மூன்று வீடு, மூன்று சாவு

இப்படி டாக்டர்கள் வந்த பிறகும் ஒரு பெரிய குறை இருந்தது. அந்தக் காலத்தில் ஆண் டாக்டர் பெண்ணைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்றார்கள். இதை ஒரே ராத்திரியில் கண்ணால் பார்த்தவர் ஐடா ஸ்கடர்.

அவர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். அப்பா மிஷனரி டாக்டர். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது, வேறு வேறு சமூகத்தைச் சேர்ந்த மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். "எங்க அப்பா வருவாரு" என்றார் ஐடா. "ஆம்பளை டாக்டர் வேண்டாம், நீங்க வாங்க" என்றார்கள். அவரோ அப்போது டாக்டர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

மிஷனரி வேலையே வேண்டாம் என்று இருந்தவர், அதன் பிறகு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1902-ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி வந்தது. ஆனால் தூரத்து ஊர்ப் பெண்கள் வரவில்லை. சரி, நாமே போவோம் என்று 1909-ல் ஒரு மோட்டார் காரில் மருந்தை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் ரோட்டில் புறப்பட்டார். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும். ஜனங்கள் காத்திருப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவது, கண் பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் ரோட்டோரத்தில் நடந்தது. தான் ஒருத்தி போதாது என்று 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

ஜாம்கேட் பெண்கள்

அந்த வேலூரில் படித்த ஒரு டாக்டர் தம்பதி ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே. 1970-ல் மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்ற வறண்ட பகுதிக்குப் போனார்கள். அங்கே 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயசுக்குள் செத்துப்போயின. முதலில் படித்த நர்சுகளை ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களால் கிராமத்தில் தங்க முடியவில்லை. பிறகுதான் அந்தந்த ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். "இவ வந்து நமக்கு என்ன சொல்ல?" என்று முதலில் ஊர் சொன்னது. அந்தப் பெண்கள்தான் குழந்தைக்கு எடை பார்த்தார்கள், பேதி கண்ட பிள்ளைக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், பிரசவம் பார்த்தார்கள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது. 1979-ல் அந்த டாக்டர் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

இந்த வழியை நம்ம அரசும் எடுத்துக்கொண்டது. 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்களை மகளிர் குழுப் பெண்களில் இருந்தே எடுத்தார்கள்.

இந்தக் கதைகளில் இருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம் ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரி கட்டிடம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. அதற்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு உள்ளூர்ப் பெண் நிற்கவேண்டும்.

நம்ம வீட்டில் மூன்று தாமதம்

தாய் இறப்பதற்கு மூன்று தாமதம் காரணம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். முதலாவது, போவதா வேண்டாமா என்று முடிவு எடுப்பதில் தாமதம். இரண்டாவது, போய்ச் சேருவதில் தாமதம். மூன்றாவது, போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மலைக்கிராமங்களில் ரோடு இல்லாமல் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறார்கள். அது இரண்டாவது தாமதம். நமக்கு ரோடு இருக்கிறது, 108 இருக்கிறது. நம்ம ஊர்களில் ஆளைக் கொல்லுவது பெரும்பாலும் முதல் தாமதம்தான்.

"அவங்க கடல்ல இருந்து வரட்டும்." "மாமியார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்." "கையில பணம் இல்லை, விடியட்டும்." இப்படிச் சொல்லாத வீடு உண்டா? பிரசவம் ஆனபின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிர் போய்விடும். கடலுக்குப் போனவர் அதற்குள் கரை சேருவாரா?

ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். பதினெட்டு வயது நிறைந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடலாம். புருசன் கையெழுத்துக்காக உயிர் காக்கும் வைத்தியம் காத்திருக்கத் தேவையில்லை.

உடனே கிளம்பவேண்டிய அறிகுறிகள்

கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்றவளுக்கோ இவற்றில் ஒன்று கண்டாலும் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்:

- ரத்தப்போக்கு
- கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகம் கை வீக்கம்
- வலிப்பு
- வலி வருமுன் பனிக்குடம் உடைதல்
- பிள்ளை அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல்
- கடுங்காய்ச்சல், மூச்சுத்திணறல்

பேதி கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுக்கவேண்டும். அது இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

குழு என்ன செய்யலாம்?

1. ஒரு நலப் பொறுப்பாளர். குழுவில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். படிப்பு முக்கியமில்லை. எந்த வீட்டுக்கும் போகத் தயங்காதவராக இருக்கட்டும். எந்தத் தெருவில் யார் கர்ப்பம், எத்தனை மாதம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கிராம சுகாதார நர்சம்மாவோடு அவர் பேசிக்கொள்வார்.

2. அவசர நிதி. மாதம் ஆளுக்கு 20 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், 15 பேர் குழுவில் மாதம் 300 ரூபாய், வருசத்துக்கு 3,600 ரூபாய். பத்துக் குழு சேர்ந்தால் 36,000 ரூபாய்.

3. கூட்டம் கூடாமலே பணம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கூட்ட முடியாது. "உயிர் ஆபத்து என்றால் இரண்டு பொறுப்பாளர்கள் பேசி உடனே பணம் கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் கணக்கு வைக்கவேண்டும்" என்று முன்கூட்டியே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.

4. முன்னேற்பாடு. எட்டாம் மாதமே முடிவாகட்டும்: எந்த ஆஸ்பத்திரி, கூடப் போவது யார், வீட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பார்ப்பது யார், ரத்தம் கொடுப்பது யார். தாய்-சேய் அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

குழுவில் பேசிப் பார்க்க

- போன வருசம் நம்ம குழுவில் வைத்தியத்துக்காக வாங்கிய கடன் மொத்தம் எவ்வளவு?
- நம்ம தெருவில் இப்போது எத்தனை கர்ப்பிணிகள்? அதில் யார் வீட்டு ஆண்கள் தங்குகடலுக்குப் போகிறவர்கள்?
- "அவங்க வரட்டும்" என்று காத்திருந்ததால் நம்ம ஊரில் நடந்தது என்ன?
- நலப் பொறுப்பாளராக யாரைப் போடலாம்?

கடைசிக் கேள்விக்கு இந்தக் கூட்டத்திலேயே பதில் கண்டு, பெயரைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பெயரோடு வாருங்கள்.