பட்டாளத்துத் தம்பிக்கு ஒரு பட்டம்

"ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்ததும் படிச்சுக்கலாம்க்கா" என்று லீவில் வரும் தம்பிகள் சொல்லிக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பதினைந்து, பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து வருகிறவனுக்கு அதற்குள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனும் வந்து நிற்கும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு என்று எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் டிகிரி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அக்னிவீராகப் போனவனுக்கோ 4 வருஷம்தான் கணக்கு. அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு திரும்புகிற அந்த நாளில் பட்டமும் கையில் இருந்தால் அடுத்த வேலையை நீயே தேர்ந்தெடுக்கலாம்.

யூனிட்டில் இருந்தபடியே படிக்க முடியும். பாடம் கஷ்டம் என்று விட்டவர்களைவிடத் தேதியைத் தவறவிட்டும், தாள்களைச் சரியாக வைக்காமலும் விட்டவர்கள்தான் அதிகம் என்பது நான் பார்த்தது. அதனால் இந்த டிப்ஸ் எல்லாம் அதைச் சுற்றித்தான். பட்டாளத்தில் இருக்கிற தங்கைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பிளஸ் டூ இல்லையா? அதுதான் முதல் வேலை

பத்தாவது முடித்து பர்த்தியானவன் நேராக டிகிரிக்குத் தாவாதே. பத்தாவது, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை கலைந்தால் தமிழ்நாடு அரசு வேலையில் அந்தப் பட்டம் செல்லாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ இல்லாமல் பட்டம் வாங்கியவர்கள் கோர்ட் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூ எழுதலாம். பத்தாவது முடித்த அக்னிவீரர்களுக்கு அதன் மூலம் பிளஸ் டூ சான்றிதழ் பெற ஏற்பாடு செய்வதாக 2022-லேயே அறிவித்துவிட்டார்கள். யூனிட் கல்விப் பிரிவில் கேள்.

எங்கே போஸ்டிங் போட்டாலும் கூடவே வருகிற பல்கலைக்கழகம்

இன்று வெலிங்டன், நாளை ஜம்மு, அடுத்து அருணாசலப் பிரதேசம் என்று மாறுகிறவனுக்கு இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் வசதி. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்டது. நாடு முழுக்கத் தேர்வு மையம் உண்டு. தரைப்படை, கடற்படை, அஸ்ஸாம் ரைபிள்ஸ் மூன்றுக்கும் தனியாக மண்டல மையங்களையும் அது ஏற்படுத்தியிருக்கிறது. மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க 6 ஆண்டு வரை அவகாசம் தருகிறது. ஃபீல்டில் ஒரு வருஷம் போய்விட்டாலும் பயப்பட வேண்டாம்.

தமிழ் வழியில்தான் படிப்பேன் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் எல்லை தமிழ்நாட்டோடு சரி. ஒவ்வொரு தேர்வுக்கும் ஊருக்கு வந்தாக வேண்டும் என்பதை யோசித்து முடிவு செய்.

எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்தில் நீயே பார். பெயர் பெற்ற பல்கலைக்கழகமாயிற்றே என்று நம்பிவிடாதே. "ஒரே வருஷத்தில் டிகிரி, பரீட்சைக்கு வர வேண்டாம்" என்று பேசுகிற ஏஜென்டுக்குப் பத்துப் பைசா கொடுக்காதே. போலிச் சான்றிதழ் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறி மாட்டினால் வேலையே போய்விடும்.

பிராக்டிகல் இருக்கிற பாடத்தில் யோசி

சிக்னல்ஸில் இருக்கிற தம்பிக்கு பிசிஏ மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் பிசிஏவிலும் பெரும்பாலான பிஎஸ்சி பாடங்களிலும் லேப் உண்டு. குறித்த நாளில் நேரில் போய் வருகைப் பதிவு காட்ட வேண்டும். பீஸ் ஸ்டேஷனில் இரண்டு, மூன்று வருஷம் நிலையாக இருப்பாய் என்றால் சேரலாம். இல்லையென்றால் வரலாறு, அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், பிகாம் பக்கம் போ. முதல் மூன்றும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும்போதும் கை கொடுக்கும். தொலைதூரக் கல்வியில் பிஇ, சட்டம், நர்சிங் என்று யார் சொன்னாலும் நம்பாதே. அவற்றை அஞ்சல் வழியில் நடத்த அனுமதியே கிடையாது.

அக்னிவீருக்குத் தனி வழி

அக்னிவீரர்களுக்கென்றே இக்னோ ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதி, நீ பட்டாளத்தில் பெறும் பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். முதல் வருஷப் பாடங்களோடு நின்றால் சான்றிதழ், இரண்டு வருஷத்தோடு நின்றால் டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். பயிற்சி மையத்தில் இருக்கும் மாதங்களில் எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு பதிவு செய்துவிடு. ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் கணக்கு இடிக்கும்.

பெயரை நேர் செய்

நம்ம ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் வருகிற வம்பு இது. பத்தாவது மார்க்‌ஷீட்டில் மு. செல்வம், ஆதாரில் செல்வம் முருகேசன், சர்வீஸ் ரெக்கார்டில் செல்வம் எம் என்று ஒருவனே மூன்று ஆளாக இருப்பான். இப்போது தொலைதூரக் கல்வியில் சேர யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி வேண்டும். அதற்கு முன்னால், கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கான ஏபிசி ஐடி எடுக்க வேண்டும். அது ஆதாரோடு இணைகிறது. பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்கும். பத்தாவது மார்க்‌ஷீட்டை மூலமாக வைத்து ஆதாரை முதலில் திருத்து. லீவில் வரும்போது இ-சேவை மையத்துக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கினால் போதும்.

யூனிட்டில் சொல்லிவிட்டுச் சேர்

கம்பெனி வழியாக எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தின் நகலை வீட்டிலும் வை. யூனிட்டின் எஜுகேஷன் ஹவில்தாரோடு பழக்கம் வைத்துக்கொள். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். பட்டம் வாங்கியதும் பார்ட் டூ ஆர்டரில் ஏற்றி, சர்வீஸ் ரெக்கார்டில் பதிய வை. அதற்குப் பிறகுதான் அது பட்டாளத்தின் கண்ணுக்குத் தெரியும்.

லீவைத் தேர்வோடு கட்டு

இக்னோ தேர்வு வருஷத்தில் இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் தேர்வு சில சமயம் ஜனவரி வரை நீளும். கம்பெனியில் லீவ் பிளான் போடும்போதே அந்த மாதங்களைக் கேட்டு வாங்கு. ரெகுலர் ஜவானுக்கு 60 நாள் வருடாந்தர லீவும் அதற்கு மேல் கேஷுவல் லீவும் உண்டு. அக்னிவீருக்கு மொத்தமே 30 நாள், அதனால் அவன் இன்னும் கறாராக இருக்க வேண்டும். டிசம்பர் தேர்வை எழுதிவிட்டுப் பொங்கலையும் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்ல கணக்கு.

ஆனால் லீவில் வந்தவனைச் சும்மா விடமாட்டோம் நாங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று இழுத்தடிப்போம். தேர்வு அட்டவணையை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பிவிடு. சொந்தக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாத் தாளையும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஜூனில் மூன்று, டிசம்பரில் நான்கு என்று பிரித்து எழுது. தேர்வு விண்ணப்பம் இரண்டு, மூன்று மாதத்துக்கு முன்பே திறக்கும். மையத்தையும் அதிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். லீவ் கிடைக்குமா, அப்போது எங்கே இருப்பாய் என்று தெரிந்தபின் நிரப்பு. ஒவ்வொரு ஆண்டும் மறுபதிவு செய்வதை மட்டும் மறந்துவிடாதே.

அசைன்மெண்ட் 30 மார்க்

மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மெண்டுக்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வை மட்டும் நன்றாக எழுதிவிட்டு அசைன்மெண்ட் கொடுக்காமல் பட்டம் தொங்கிக்கொண்டிருக்கிற அண்ணன்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. கைப்பட எழுத வேண்டியது நீதான். அதை என்னிடம் தள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி துவைத்துக் காயப்போட்ட பின் ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்.

அச்சுப் புத்தகம் வேண்டாம் என்றால் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறார்கள். அதற்கு ஆசைப்படாதே, போஸ்டில் நெட்வொர்க் இருக்காது. புத்தகப் பார்சலுக்கு 56 ஏபிஓ விலாசம் கொடுக்காமல் வீட்டு விலாசம் கொடு. லீவு முடிந்து திரும்பும் ஊர்க்காரப் பையனிடம் கொடுத்துவிடுகிறோம். நெட் கிடைக்கும் நாளில் இக்னோவின் இ-ஞான்கோஷ் தளத்தில் பாடங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

படிப்புக் குழுவில் வாயைத் திறக்காதே

2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது ராணுவம். காரணம் உனக்கே தெரியும். மாணவர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. யூனிட் பெயர், இடம், "நாளைக்கு மூவ் ஆகிறோம்" எதுவும் அங்கே வரக்கூடாது. டிபி-யில் சீருடைப் படம் வேண்டாம். "நோட்ஸ் தரட்டுமா" என்று தானாக வந்து கொஞ்சிப் பேசும் புது நம்பரை பிளாக் செய்.

15 வருஷச் சான்றிதழை நம்பி இருக்காதே

"பதினைஞ்சு வருஷம் முடிச்சா பட்டாளமே டிகிரி சர்டிபிகேட் தருதே" என்பார்கள். பத்தாவது தேறி 15 வருஷ சர்வீஸ் முடித்தவரை, பட்டம் கேட்கிற மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டுக்குத் தகுதியாக எடுத்துக்கொள்ளும் சலுகை அது. தொழில்நுட்ப அனுபவம் கேட்கும் பணிக்குச் செல்லாது. அதை வைத்து எம்ஏவோ பிஎட்டோ சேர முடியாது. இருந்தால் லாபம், அவ்வளவுதான்.

ஆபீசர் ஆகும் வழி

சர்வீஸில் இருந்துகொண்டே முழுநேரமாகப் படிக்க ஒரு இடம் உண்டு: டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜ். பிளஸ் டூ, 2 ஆண்டு சர்வீஸ், 20 முதல் 27 வயது இருந்தால் ரெகுலர் ஜவான் முயலலாம். எழுத்துத் தேர்வும் எஸ்எஸ்பியும் தேறினால் மூன்று வருஷப் படிப்பு, ஜேஎன்யூ பட்டம், பிறகு ஐஎம்ஏவில் ஒரு வருஷப் பயிற்சி, தோளில் நட்சத்திரம். இக்னோ பட்டம் சீக்கிரம் முடிந்தால் சிடிஎஸ் எழுதிப் பரங்கிமலை ஓடிஏ பக்கமும் போகலாம். வயது வரம்பு 25-ஐ ஒட்டி முடிந்துவிடும்; அதனால்தான் இப்போதே தொடங்கு என்று நச்சரிக்கிறேன்.

இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை. எது அருகில் வருகிறதோ அதைக் குறித்துக்கொள். இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது இரண்டே இரண்டு: மார்க்‌ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார், ஏபிசி ஐடி எடு. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே எனக்குப் போன் செய். நீ ஊருக்கு வருவதற்குள் என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்து வைக்கிறேன்.