சுமைதாங்கியும் லாரி நிறுத்தமும்

நாஞ்சில் நாட்டின் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சில இடங்களில் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையுடன் வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும், மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். வண்டிமாடுகளுக்குக் கல்தொட்டியும், இரவு தங்குவோர்க்கு வழியம்பலமும் அமைத்தனர். வழிச்செல்வோரின் களைப்பைத் தீர்ப்பது ஊராரின் கடமை என்று நம் முன்னோர் கருதினர்.

இன்று சுமை தலையினின்றும் லாரிக்கு மாறிவிட்டது. களைப்பு மட்டும் மாறவில்லை. ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் கடந்து கன்னியாகுமரியில் முடிகிறது. காவல்கிணற்றில் பிரியும் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நாகர்கோவிலை அடைகிறது. இச்சாலைகளில் இரவெல்லாம் வண்டியோட்டும் டிரைவர் எங்கே உறங்குகிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

உறக்கம் மனித உடலை மிகுதியாக அழுத்துவது நள்ளிரவுக்குப் பின், விடியற்காலை வரையிலாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி, டிரைவர் மூன்று விநாடி கண்ணயர்ந்தால் 50 மீட்டர் தூரம் பார்வையின்றி ஓடிவிடும். அந்த 50 மீட்டருக்குள் பால் கறக்கச் செல்பவரும், பூச்சந்தைக்குச் செல்பவரும் இருக்கலாம். தேநீர் சற்று நேரம் விழிக்கச் செய்யுமேயன்றி உறக்கத்துக்கு ஈடாகாது. ஆகவே டிரைவரின் ஓய்வு, சாலையோர ஊராரின் உயிர்ப் பாதுகாப்புமாகும்.

இவ்வுண்மையை உணர்ந்தே, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், இடையில் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்றும் விதித்தது. ஆயினும், நிறுத்த இடமில்லாத சாலையில் ஓய்வு என்பது ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

நல்ல லாரி நிறுத்தத்துக்கு வேண்டுவன எவை? சாலையை விட்டு விலகிய கெட்டித் தரை, இரவு முழுதும் விளக்கு, குடிநீர், குளியலறை, கழிப்பறை, நிழலும் காற்றும் உள்ள படுக்குமிடம், சுடுசோறு, டயர் பழுது பார்க்கும் கடை, சரக்குக்குக் காவல். காவல் இல்லையேல் டிரைவர் கண் மூடமாட்டார்.

சாலையோர ஊராட்சிகள் நெடுஞ்சாலைத் துறையைக் கலந்து, தக்க புறம்போக்கு நிலத்தில் இதனைச் சிறிய அளவிலேனும் தொடங்கலாம். வயலையும் குளத்தையும் தூர்த்து இடம் தேடலாகாது. கழிவெண்ணெய் வாய்க்காலில் கலவாதபடி தனிக்குழி அமைத்தல் அவசியம். உணவுச்சாலையை மகளிர் குழுவினர் ஏற்று நடத்தலாம். கடை வாடகை ஊராட்சிக்கு வருவாயாகும்.

அன்று ஒரு குடும்பம் தன் துயரத்தின் நினைவாகக் கல் நட்டு, முன்பின் அறியாதவரின் சுமையை இறக்கியது. இன்று ஓர் ஊர் கூடி, முன்பின் அறியாத டிரைவருக்கு ஓர் இரவு உறக்கம் அளிக்க முடியாதா? முடியும், முயல்வோமாக.