மாசி மாலையில் ஆந்தை தேடுதல்

நவரை நெல் தூர் கட்டிப் பொதி கொள்ளும் மாசி மாதத்தில் எலிகளால் உண்டாகும் நஷ்டத்தைக் காஞ்சிபுரம் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சம்பா அறுவடை தையில் முடிந்தவுடன், அறுத்த கழனிகளில் இரையற்றுப்போன எலிகள் பசுமை நிற்கும் நவரைக் கழனிகளை நாடிவந்து வரப்புகளில் வளை தோண்டிக் குடியேறுகின்றன. இரவில் அவை தண்டுகளைச் சாய்வாக நறுக்கிப் போடுகின்றன. தின்பதைக்காட்டிலும் பாழாக்குவதே அதிகம். காலையில் கழனி நடுவே பயிர் திட்டுத்திட்டாகச் சாய்ந்து கிடக்கக் காணும் குடியானவர் அன்றைக்கே கடைக்குச் சென்று விஷம் வாங்கிவருகிறார். அவ்வாறு வாங்குவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை வேறொரு காரியத்துக்குச் செலவிடுவது நலம். அஃதாவது, தம் ஊரில் எவ்வெவ்வகை ஆந்தைகள் உள்ளன, அவை எங்கே குடியிருக்கின்றன என்று நேரில் சென்று பார்ப்பதாகும்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமல் இதற்கு ஏற்ற ஊர்களில் ஒன்று. அங்கே பெரிய ஏரியும் அதன் பாசனக் கழனிகளும் உண்டு. வராகீஸ்வரர் ஆலயமும் தாமோதரப் பெருமாள் ஆலயமும் உண்டு. இத்தகைய ஏரிப்பாசன ஊர்களில் பொந்துள்ள பனை, முதிர்ந்த புளி, பழைய கற்கட்டடம் ஆகிய மூன்றையுமே முதலில் சோதிக்கவேண்டும். மாசியைத் தேர்வதற்கும் காரணம் உண்டு. ஆந்தைகளில் பல இக்காலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதால் அடிக்கடி குரல் கொடுக்கும். பொழுது சாயும்போதே வெளிப்பட்டு இரை தேடும். அறுத்த கழனிகளும் காய்ந்துவிட்டமையால் ஆட்கள் தாராளமாய் நடந்து செல்லலாம்.

போகிறவர்கள் ஆறேழு பேருக்கு மேற்படாமலிருப்பது உத்தமம். பறவைகளைக் கற்றறிந்த ஒருவரோடு, எலிவளை தோண்டிப் பழகிய இருளர் ஒருவரும் வழிகாட்டியாக வருவது பெரிதும் பயன்படும். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் எலி பிடிப்பதிலும் பாம்பு பிடிப்பதிலும் இருளருக்குள்ள திறமை வெகுகாலமாக அறியப்பட்டது. பாம்பு பிடிப்பவர்களுக்கென 1978-இல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. எந்த வரப்பில் எலி இருக்கிறது என்பதை அறிந்தவருக்கு, அதைத் தேடி வரும் பறவை எங்கே உட்காரும் என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். வரப்புகளில் கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் இருக்கக்கூடுமாதலால், காலில் மூடிய செருப்பும் கையில் கோலும் இன்றியமையாதவை. கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளவேண்டும். கூட்டிலுள்ள பறவையின் கண்ணில் வெளிச்சம் பாய்ச்சுவதும், கைபேசியில் பதிந்த குரலை ஒலித்து அதை ஏமாற்றி அழைப்பதும் கூடா. குஞ்சுகளைவிட்டுத் தாய் விலக அதுவே போதும்.

பகலிலேயே சில அடையாளங்களைத் தேடி வைக்கலாம். பகற்போதில் காக்கைக்குக் கூகை தோற்கும் என்னும் உவமை திருக்குறளில் வருகிறது. அது பார்த்து எழுதிய உண்மையே. பட்டப்பகலில் ஒரே மரத்தைச் சுற்றிக் காக்கைகள் விடாமல் இரைந்து பாயுமாயின், அதன் அடர்ந்த கிளையில் ஆந்தை ஒன்று ஒடுங்கியிருப்பதாக எண்ணிப் பார்க்கத் தகும். மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்தாற்போன்ற எச்சம் இருக்கிறதா என்றும், சாம்பல் அல்லது கரு நிறமான உருண்டைகள் கிடக்கின்றனவா என்றும் நோக்கவேண்டும். அவ்வுருண்டைகளைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

சூரியன் மறைந்து கால் மணி நேரத்துக்குள் முதலில் வெளிப்படுவது புள்ளி ஆந்தை. மைனாவைவிடச் சற்றே பருத்த உருவம், மஞ்சட் கண், பனைப் பொந்தின் வாயில் நின்று தலையைத் தூக்கியும் தாழ்த்தியும் வந்தவரை உற்றுப் பார்க்கும். இரண்டு மூன்று சேர்ந்து கரகரத்த குரலில் சண்டையிடுவதுபோல் கூவும். வண்டு, வெட்டுக்கிளி ஆகியவையே இதற்குப் பேரிரை, சுண்டெலியையும் விடுவதில்லை. நன்றாய் இருட்டியபின் ஏரிக்கரைப் பெருமரங்களிலிருந்து ‘பூம், பூம்’ என ஆழ்ந்த ஓசை எழுந்தால் அது பூமன் ஆந்தையாகலாம். மீனும் நண்டும் தவளையும் உண்பது. கற்பாறைகளும் மண்சரிவுகளும் உள்ள இடங்களில் கொம்பன் ஆந்தை தரையிலேயே முட்டையிடும். இது பெரிய எலிகளையும் கொல்ல வல்லது.

ஆயினும் குடியானவருக்கு முதன்மையானது கூகையே. இருதய வடிவான வெண்முகமும், பொன்னிறம் கலந்த முதுகும், ஓசையற்ற பறத்தலும் இதன் அடையாளங்கள். பழங்கட்டடத்தின் இருண்ட மூலையில் பாம்பு சீறுவதுபோல் இரவெல்லாம் ஓசை கேட்குமாயின், அது பெரும்பாலும் பசித்த கூகைக் குஞ்சுகளின் குரலாகவே இருக்கும். இதை அறியாமல் புகை போட்டுக் கூட்டை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. சாக்குருவி என்றும், அது கத்தினால் வீட்டில் இழவு விழும் என்றும் அஞ்சிக் கல்லெறிகிறவர்களோ மிகப் பலர். வீட்டைச் சுற்றி எலி மிகுந்தால் கூகை வருகிறது, வந்தால் கத்துகிறது. இதில் வேறு சூட்சுமம் யாதுமில்லை.

இப்பறவையின் காதுகளுள் ஒன்று சற்று மேலாகவும் மற்றது கீழாகவும் அமைந்திருப்பதால், ஓசை வரும் திசையையும் உயரத்தையும் ஒருங்கே அளந்துகொள்ளும். அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்பவர், சிறிதும் ஒளி புகாத அறையில் சருகைப் பரப்பி எலியை விட்டுச் சோதித்தார். சரசரப்பை மட்டுமே கேட்டுக் கூகை அதைப் பிடித்தது. காகித உருண்டை ஒன்றைச் சருகில் இழுத்தபோது அதன்மேலும் பாய்ந்தது! 1971-இல் வெளியான அவ்வாராய்ச்சி, கூகை கண்ணின்றியே வேட்டையாடக்கூடும் என்பதை நிலைநாட்டிற்று. நெற்பயிரின் மறைவில் ஓடும் எலிக்கு இத்தகைய காதினின்று தப்புவது எளிதன்று.

கூகை எலியை முழுதாய் விழுங்கி, செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். உலர்ந்த உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகள் சிதையாமல் கிடைக்கும். எத்தனை எலி தின்றது என்று எண்ணிவிடலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் காவிரிப் படுகையில் இவ்வாறே சேகரித்துப் பார்த்தபோது, வயலைக் கெடுக்கும் எலி வகைகளே கூகையின் முக்கிய இரை என்று தெரியவந்தது. இஸ்ரேல் தேசத்தில் 1983 முதல் கழனிகளில் மரப்பெட்டிகள் நிறுத்திக் கூகைகளைக் குடியேற்றிவருகின்றனர். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இம்முறை வழக்கத்திலுள்ளது.

இனி விஷத்தைப் பற்றி. புரோமாடையலோன் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாட்கள் சோர்ந்து தள்ளாடித் திரியும். அத்தகைய எலியே கூகைக்கு எளிதில் அகப்படுகிறது. எலியின் ஈரலில் தங்கிய விஷம் கூகையின் உடலுக்கும் செல்கிறது. குஞ்சுக்கு ஊட்டும் பருவத்தில் தாய் மடிந்தால் கூடு முழுதும் அழியும். எலிகளோ சில மாதங்களில் மீண்டும் பெருகிவிடும். அவற்றைத் தின்னக் கூகை இராது. ஆதலால் ஆந்தை வாழும் இடம் கண்ட கழனியில் முதலில் வளை தோண்டியும் தஞ்சாவூர்க் கிட்டி வைத்தும் எலியைப் பிடிக்கவேண்டும். விஷம் வைத்தே தீரவேண்டுமாயின், செத்த எலிகளை நாள்தோறும் காலையில் பொறுக்கி ஆழப் புதைக்கவேண்டும். ஆந்தை ஒன்றே எலித்தொல்லையை ஒழித்துவிடும் என்று நம்புவதும் தவறு. வரப்பைக் குறுக்கி, புல் செதுக்கி, அண்டைக் கழனிக்காரர்கள் ஒரே வாரத்தில் கூடி வேலை செய்தாலன்றி அது தனியே போதாது. பயிருக்கு ஓரடி மேலே நிற்கும்படி தென்னை மட்டைகளையோ குறுக்குக் கம்பு கட்டிய கழிகளையோ கழனியில் ஆங்காங்கே நட்டால், வேட்டையாடும் பறவைக்கு உட்காரும் இடம் கிடைக்கும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டுவனவும் உள. ஆந்தைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாந்திரீகத்துக்கென்று பிடிக்க வரும் அந்நியர்களைப் பற்றி வன இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அனுமதி கோரும் மனுவைப் பரிசீலிக்கும்போது, மரத்தில் பொந்து உண்டா என்று அண்ணாந்து பார்க்க அதிக நேரம் பிடிக்காது. ஆலயத் திருப்பணியில் மாடங்களை அடைக்குமுன் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருப்பின் அவை பறக்கும்வரை ஏறக்குறைய இரண்டு மாதம் அம்மூலையை மட்டும் விட்டுவைக்கலாம்.

மாலைச் சுற்று முடிந்து திரும்புமுன், ஆந்தை கண்ட மரத்தின் சர்வே எண்ணையும் தேதியையும் நோட்டில் குறித்து, அதன் கீழுள்ள பழைய உருண்டைகளைப் பெருக்கி அகற்றிவிடவேண்டும். பத்து நாள் கழித்துச் சென்று புதியவற்றைப் பொறுக்கி, அவற்றிலுள்ள மண்டையோடுகளை எண்ணினால், அந்தப் பத்து நாளில் அங்கே தின்னப்பட்ட எலிகளில் குறைந்தது எத்தனை என்பது தெரிந்துவிடும்.