கொடுவாக் குஞ்சும் அதன் முதலுணவும்

நன்னீர்மீனைக் குளத்திலே குஞ்சு பொரிப்பித்தல் பழங்கலை. கடல்மீனை அவ்வாறு பெருக்குதலோ நேற்றுத் தோன்றியதென்றே கூறலாம். நோர்வே நாட்டிலே, புளொடெவிகன் என்னுமிடத்தில், டன்னேவிக் என்பார் 1880களில் கொட் மீனின் முட்டைகளைப் பொரிப்பித்துக் குடம்பிகளைக் கோடிக்கணக்கிற் கடலில் விடத் தொடங்கினார். அப்பணி 1971 வரை நீடித்தது. எனினும், அதனாற் கடலில் மீன் பெருகியதென ஐயந்திரிபற நிறுவ எவராலும் இயலவில்லை. முட்டையைப் பொரிப்பித்தல் அன்று. பொரித்த குடம்பிக்கு உண்ணக் கொடுத்தலே இக்கலையின் முடிச்சு.

நம் கடனீரேரிகளில் அகப்படும் கொடுவாவை எடுத்துக்கொள்வோம். இது நன்னீரிலும் வளரும். ஆயின் முட்டையிடக் கடல்வாயை நாடும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெரும்பாலும் பெண்ணாக மாறும். ஆகவே சிறுமீன்களை மாத்திரம் தொட்டியிலிட்டவன் பெண்ணைக் காணமாட்டான். கரு முதிர்ந்த பெண்ணுக்கு ஓமோன் ஊசி ஏற்றின், ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டையிடும். முட்டை 0.8 மில்லிமீற்றர் விட்டமுடையது, உவர்நீரில் மிதப்பது, 28 பாகை சதமளவை வெப்பத்தில் 17 அல்லது 18 மணித்தியாலத்திற் பொரிப்பது.

இடர் இதன் பின்னரே தொடங்குகிறது. குடம்பியின் நீளம் 1.5 மில்லிமீற்றர், பொரிக்கும்போது அதற்கு வாய் திறந்திராது. மஞ்சட்கரு குன்றி வாய் திறந்ததும், அச்சிறுவாய்க்குள் அடங்கத்தக்கதும் நீந்துவதுமான உயிருணவு எதிரே இருத்தல் வேண்டும். உயிரற்ற தூளை அது நாடாது. உரிய வேளையில் உணவு தவறின், ஓரிரு நாளில் தொட்டி முழுவதும் வெறுமையாகும். இதற்கு விடை யப்பானிலே, 1960 அளவில், எதிர்பாராத இடத்திற் கிடைத்தது. விலாங்கு வளர்க்குங் குளங்களிற் பீடையெனக் கருதப்பட்ட றொற்றிபர் என்னும் நுண்ணுயிரே குடம்பிக்கு ஏற்ற முதலுணவாயிற்று! ஆயினும் மதுவம் மாத்திரம் உண்டு வளர்ந்த றொற்றிபரைத் தின்ற குடம்பிகள் பெருந்தொகையாய் மடிந்தன. கடல் அல்காவிலுள்ள கொழுப்பமிலங்கள் அவற்றிற்கு இன்றியமையாதன என்பது பின்னரே தெளிவாயிற்று. எனவே மீனை வளர்க்கப் புகுந்தவன் றொற்றிபரையும், றொற்றிபருக்காக அல்காவையும் வளர்க்க வேண்டியவனாகிறான். மூன்றினுள் எது பிழைப்பினும் வேலை பாழ்.

றொற்றிபருக்குப் பின் ஆட்டீமியா என்னும் சிறு உவர்நீர் உயிர், அதன்பின் அரைத்த மீன் அல்லது குறுணலுணவு என ஊட்டுவர். இந்நிலையிற் கொடுவா தன் இயல்பைக் காட்டும். தன் நீளத்திற் பாதிக்கு மேற்பட்ட உடன்பிறப்பையும் விழுங்கிவிடும். சில நாட்களுக்கொருமுறை குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்து வைத்தாலன்றி, எஞ்சுவன கொழுத்த சிலவே. தாய்லாந்து நாட்டார் 1970களிலேயே இவ்வித்தையிற் கைதேர்ந்தனர். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997 இல் இதிற் சித்தியடைந்தது. அங்ஙனம் பெறும் குஞ்சுகள் உள்ளவிடத்து, வளர்ப்போர் கடலோரக் கண்டலடியிற் சிறுமீனை வாரியெடுக்க வேண்டியதில்லை.