முதுகு வலிக்கு முதலில் ஸ்கேனா?

நம்பிக்கை: இடுப்பு பிடித்துக்கொண்டால் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

உண்மை: முதுகு வலி பற்றிய பயங்கள் எல்லாம் முளைப்பது இங்கிருந்துதான். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘தேய்மானம்’, ‘டிஸ்க் பிதுக்கம்’ என்று படித்த நாளிலிருந்து குனியப் பயம், குடம் தூக்கப் பயம், பேரக்குழந்தையை வாரி எடுக்கவும் பயம். ஆனால் முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. 50 வயதில் 80 சதவீதம். நாற்பது வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை. இந்த விவரத்தை ஒரே வரியில் அறிக்கையின் அடியில் அச்சிட்டுக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும் என்று நம்புகிறேன். காலுக்கு வலி இறங்கும்படி நரம்பை அழுத்தும் பிதுக்கம்கூடப் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் ஸ்கேன் யாருக்கு வேண்டும்? சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் கசிந்தாலோ, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்து வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு இரவுகூடத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, வயதானவர் விழுந்த பின் வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவர் உடனே ஆராய வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் மறக்கக் கூடாது.

நம்பிக்கை: வலி தீரும்வரை படுத்தே இருக்க வேண்டும்.

உண்மை: பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1995-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு ‘முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள்’ என்ற அறிவுரை மட்டும். விரைவில் தேறியது மூன்றாவது குழு, பின்தங்கியது படுத்திருந்தவர்கள்.

நம்பிக்கை: கட்டாந்தரையில் படுத்தால் சரியாகிவிடும். பெல்ட் போட்டால் போதும்.

உண்மை: நாள்பட்ட முதுகு வலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்திய ஆய்வில் (2003), கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே கூடுதல் ஆறுதல் தந்தது. பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் நாள்பட்ட வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: ஒருமுறை வந்த முதுகு வலி திரும்பத் திரும்ப வரும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

உண்மை: திரும்ப வருவது உண்மைதான். ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது, அதற்குச் செலவும் அதிகமில்லை. அண்மையில் வலி தீர்ந்த 701 பேரை ஆஸ்திரேலியாவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழக்கினார்கள். 2024-இல் முடிவு வந்தது. நடக்காதவர்களுக்கு வலி திரும்ப எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 112 நாள். நடந்தவர்களுக்கு 208 நாள்.