பட்டணத்துப் பசி

உணவுப் பாதுகாப்பு என்றதும் நம்மிற் பலர் நெற்களஞ்சியத்தையே நினைக்கின்றோம். நாட்டில் நெல் உண்டா, துறைமுகத்துக்குக் கப்பல் வந்ததா என வினவுகின்றோம். பட்டணத்துக் குடும்பத்தின் பசியை இவ்வினாக்களால் மட்டும் அளக்க இயலாது. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலறிஞர் அமர்த்தியா சென், உணவு இருந்தும் அதைப் பெறும் வலுவை இழந்தவர்களே மடிந்தனர் என 1981இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

கொழும்பைப் பாருங்கள். கொவிட் தொற்றினால் 2020 மார்ச் 20ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு அமுலாயிற்று. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கும், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அத்துடன் வருமானம் நின்றது. தெருவுக்கு லொறியில் மரக்கறி வந்தது உண்மையே; வாங்குவதற்குக் கையிற் காசு வேண்டுமே! மாதச் சம்பளக்காரர் முன்கூட்டியே வாங்கி வைத்தனர். அன்றாடம் கால் கிலோ பருப்பு வாங்கிச் சமைப்பவர் எதைச் சேர்த்து வைப்பார்? அரசு கொடுத்த 5,000 ரூபா சில நாட்களுக்கே போதுமாயிருந்தது.

தொற்று தணிந்த பின்னரும் பசி தணியவில்லை. நகை அடகில், பெயர் கடைக்காரரின் கடன் கொப்பியில் என்ற நிலையிலேயே இக்குடும்பங்கள் 2022இன் டொலர் நெருக்கடியைச் சந்தித்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலைகள் முந்திய ஆண்டிலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. இரவல் அரிசியையும் நெருப்பின்றி வேகவைக்க முடியாதல்லவா?

வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று பலர் புத்தி சொன்னார்கள். சாடியில் வல்லாரையும் கறிவேப்பிலையும் வளர்ப்பது நன்றே. ஆனால் ஓர் அறையில் ஆறு பேர் வாழும் தோட்டத்து வீட்டைக் கண்டவர் இதைத் தீர்வென்று சொல்லமாட்டார்.

இப்பசி வெளியே தெரிவதில்லை. முதலில் மீன் நிற்கும், பின் முட்டை, பின் பிள்ளையின் பால்மா. கோப்பையில் சோறு இருப்பதால் அயலார் அறியார். இறுதியில் தாய் தன் பங்கைக் குறைப்பாள். பிள்ளைகளிடம் "நான் சாப்பிட்டுவிட்டேன்" என்பாள்.

ஆகவே உதவிப் பொதியுடன் ஒரு வீட்டுக்குச் செல்லும்போது அடுப்பு எரிகிறதா என்றும் விசாரியுங்கள். எரிபொருள் இல்லாத வீட்டுக்கு உலருணவைவிடச் சமைத்த உணவே பயன்படும். 2022இல் கொழும்பில் தோன்றிய சமூகச் சமையலறைகளில் ஒரே அடுப்பில் பல வீடுகளுக்குச் சோறு வெந்தது. கடன் கொப்பியில் ஒரு பகுதியைத் தீர்த்துக் கொடுப்பதும் நல்லுதவியே. நாளைக்கும் அக்கடையில் அவர்களுக்குப் பருப்புக் கிடைக்கும்.